தெனிங் பங்கு வைக்கும் விதம்

மதியம் ஒரு மணிக்கு மேல், செனகல் நாட்டுக் கடற்கரை ஊரான ஜோவாலின் தெருக்களில் ஆடுகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஊரே ஏதாவதொரு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். தையல்காரர் ஜேகான் வீட்டுத் தாம்பாளம் பழசு. ஓரத்தில் எனாமல் உதிர்ந்திருக்கும். நடுவில் ஒரு சிவப்பு ரோஜா வரைந்திருக்கும். அந்த ரோஜா கண்ணில் பட ஆரம்பித்தால் யாருக்கோ வயிறு நிறையவில்லை என்று அர்த்தம். அதற்குள் அவர் மனைவி தெனிங் இன்னொரு அகப்பை சோற்றை அதன் மேல் போட்டு மூடிவிடுவாள்.

தெனிங்குக்கு நாற்பத்தாறு வயது. ஆள் குட்டை, குரல் நெட்டை. தாழ்ந்த முக்காலியில் அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் பிஸ்மில்லா சொல்வார்கள். அதன் பிறகு அவளுடைய வலது கை வேலையைத் தொடங்கும். சோற்றின் நடுவில் கிடக்கும் கலவா மீனை விரல்களாலேயே பிரிப்பாள். ஒரு துண்டு இந்தப் பக்கம், ஒரு துண்டு அந்தப் பக்கம். எறிகிறாளா, தள்ளுகிறாளா என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. கேரட் ஒருவர் முன்னால் போய் விழும், கோஸ் இன்னொருவர் முன்னால். அவரவர் தம் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் தின்ன வேண்டும், அடுத்தவர் எல்லைக்குள் கை போகக் கூடாது. எல்லை தாண்ட உரிமையுள்ள கை ஒன்றே ஒன்றுதான், சமைத்தவளின் கை.

இத்தனைக்கும் அவள் கடலையே பத்தொன்பது வயதில்தான் பார்த்தாள். ஃபாத்திக் பக்கம் உள்நாட்டுக் கிராமத்துப் பெண். அங்கே கம்பும் வேர்க்கடலையும் உண்டு, கருவாடு உண்டு, கண் விழித்துப் பார்க்கும் மீன் கிடையாது. புது மணப்பெண்ணாக வந்து முதன்முதலில் தாம்பாளம் வைத்த அன்று மீன் தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். வீட்டுத் தலைவர் பக்கம்தான் தலை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இருபத்தேழு வயது ஜேகான் மீனின் வாலைப் பார்த்துக்கொண்டே பேசாமல் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் விடிந்ததும் அவள் கடற்கரைக்குப் போய் மீன்காரிகளோடு உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் மீன் பார்க்கக் கற்றாள். ஒரு வருடத்தில் பேரம் பேசக் கற்றாள். இப்போது அவள் மணலில் நடந்து வருவது தெரிந்தால் சில மீன்காரிகள் நேற்றைய மீனைச் சாக்கால் மூடிவிடுகிறார்கள்.

தினமும் ஒரே வேலைதான். காலையில் கம்பங்கூழ், பிறகு கடற்கரை, பிறகு உரலில் பூண்டும் மிளகும் கொத்துமல்லித் தழையும் இடித்து மீனின் வயிற்றில் துளை போட்டு அடைப்பது, தக்காளிக் குழம்பு, அந்தக் குழம்பிலேயே சோறு. மாலையில் துணி துவைப்பது. ஒரு நாளைப் பார்த்தால் போதும், மற்ற நாட்களையும் பார்த்த மாதிரிதான். மூத்த மகள் யாந்தே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

யாந்தேவுக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து, மழைக்கால விடுமுறைக்குப் பின் வேலையில் சேரக் காத்திருந்தாள். அம்மாவிடம் அவளுக்கு ஒரே ஒரு குறை, யாரிடமும் சொல்லாதது. அம்மா பங்கு வைப்பது நியாயமாக இல்லை. ஒரே தாம்பாளம், ஒரே மீன். ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து யாந்தேவுக்கு வால் துண்டுதான். கன்னத்துச் சதையோ வயிற்றுப் பகுதியோ ஒரு நாளும் அவள் பக்கம் வந்து விழுந்ததில்லை.

தாம்பாளத்தைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஆறு பேர். தெனிங்கின் வலது பக்கம் ஜேகான், அவர் மடியருகே ஒரு மணிச் செய்தி கத்தும் ரேடியோ. இடது பக்கம் இருபது வயது மகன் லாத்தீர். எதிரே யாந்தேவும் ஏழு வயதுத் தங்கை திபோரும். அவர்கள் நடுவில் யேரோ. யேரோ தெருமுனைக் கடைக்காரர், மாடு மேய்க்கும் ஃபுலா இனத்தவர். குடும்பம் வடக்கே எங்கோ ஆற்றங்கரையில் இருக்கிறது. அதனால் மதியச் சாப்பாடு இங்கே. இந்த வீட்டார் செரேர் இனம். பழைய வழக்கப்படி செரேர்களும் ஃபுலாக்களும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபப்பட மட்டும் கூடாது. யேரோ அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"என்ன அடிமைகளா, எஜமானன் வர்றதுக்குள்ள கை வைக்கலையே?" என்றுதான் தினமும் உள்ளே வருவார்.

"வாங்க மாட்டு வால் பிடிச்சவரே," என்பாள் தெனிங். "பாலைக் குடிச்சே வளர்ந்த வயிறு, சோத்தப் பாத்ததும் எஜமானனா ஆயிடுச்சா?"

யேரோவுக்கு இடது பக்கம் மட்டும்தான் பல். அவர் முன்னால் விழும் மீனில் முள் இருக்காது. ஒருநாள்கூட இருந்ததில்லை. அதைப் பற்றி அவரோ தெனிங்கோ பேசியதுமில்லை.

எட்டு மாதமாக அந்தத் தாம்பாளத்தில் ஒரு விரிசல். ஜேகானும் லாத்தீரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் இரண்டு முழத் துணி. தபாஸ்கி என்கிற பக்ரீத் பண்டிகைக்கு முந்தைய வாரம், சுங்க அதிகாரியின் மனைவி அங்கி தைக்கக் கொடுத்திருந்த நீலத் துணி. கஞ்சி போட்டு அடித்து, தொட்டாலே சலசலக்கும் உயர்ந்த ரகம். அப்பாவின் தையல் கடையில் உட்கார வேண்டிய லாத்தீர் மல்யுத்தத்தில் விழுந்திருந்தான். முதல் பந்தயத்துக்கு இடுப்புத் துணி வேண்டும். நீலம் கண்ணைப் பறித்தது. மிச்சம் விழும் என்று நினைத்து வெட்டினான். மிச்சம் விழவில்லை, அங்கியின் கைதான் விழுந்தது. பண்டிகையன்று அந்த அம்மாள் கையில்லாத அங்கியோடு கடை வாசலில் நின்று போட்ட சத்தம் படகுத் துறை வரை கேட்டது.

"இனி இவன் கடைப் பக்கம் வரக் கூடாது. நானும் இவன்கிட்டப் பேசப் போறதில்ல," என்றார் ஜேகான்.

"யாரு பேசச் சொன்னா?" என்றான் லாத்தீர்.

அவ்வளவுதான். இருவருக்கும் வாக்குத் தவறாத வம்சம். தெனிங் அழவில்லை, சமாதானத்துக்குப் பெரியவர்களைக் கூப்பிடவில்லை. மறுநாள் அவள் செய்தது ஒன்றே ஒன்று. அதுவரை யேரோவுக்கு அந்தப் பக்கம் இருந்த முக்காலியைத் தூக்கி வந்து, அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஃபாத்திக்கிலிருந்து செய்தி வந்தது. தெனிங்கின் தங்கைக்குப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு அக்கா இல்லாமல் ஆகாது. பத்து நாளாவது கூட இருக்க வேண்டும். தெனிங் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மூட்டை கட்டினாள்.

ஏழு பேர் ஏறும் கார் நிறைவதற்காகக் காத்திருந்தபோது யாந்தேவிடம் சொன்னாள். "தாம்பாளத்தப் பாத்துக்க."

"அதுல பாத்துக்க என்னம்மா இருக்கு? சமைக்கணும், கொட்டணும், தின்னணும்."

"அதான். அதத்தான் சொல்றேன்." தெனிங் மகளின் தலைத்துணியை இழுத்துச் சரி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அது எளிதல்ல. "லாத்தீரோட மல்யுத்த வாத்தியார் அவன டக்காருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காராம். போகட்டும், நான் வேணாங்கல. ஆனா அப்பன்கிட்ட ஒரு வார்த்த பேசாமப் போனான்னா திரும்பி வர மாட்டான். ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் எவனும் வீட்ட விட்டுப் போகக் கூடாது. கேட்டுச்சா?"

"கட்டிப் போடவா அவன? நூறு கிலோ இருக்கான்."

"சோறு போடு. போதும்," என்றாள் தெனிங். கார் கிளம்பியது.

முதல் நாள் யாந்தே நியாயமாகப் பங்கு வைத்தாள். அதற்கு அவள் பல வருடமாகக் காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். சமையலறையிலேயே கத்தியால் மீனை ஐந்து சம துண்டாக வெட்டினாள். மரவள்ளிக்கிழங்கு ஐந்து, கேரட் ஐந்து, கோஸ் ஐந்து, மிளகாய் ஐந்து. தலையை எப்படி ஐந்தாக வெட்டுவது? அதைப் பூனைக்குப் போட்டாள். தாம்பாளம் கடிகாரம் போல வந்து இறங்கியது.

"அடேயப்பா," என்றார் யேரோ. "அளவுகோல் வச்சா சமைச்சே?"

"எல்லாருக்கும் ஒண்ணு போல."

"பள்ளிக்கூடம் போன பொண்ணு," என்று ஜேகான் பெருமையாகச் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார்.

பெருமை சாயங்காலம் வரை தாங்கவில்லை. கோஸ் ஜேகானின் வயிற்றில் இறங்கி, அவர் தையல் இயந்திரத்தில் உட்கார முடியாமல் முற்றத்தில் உலாவ வைத்தது. திபோர் தன் பங்கு மிளகாயைக் கேரட் என்று நம்பிக் கடித்து, பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வரும் அளவுக்கு அலறினாள். யேரோ தன் பங்கு மீனை இருந்த நாலு பல்லின் பக்கம் ஒதுக்கி, முள் முள்ளாக எடுத்துத் தாம்பாள விளிம்பில் அடுக்கினார். பதினேழு. "வேலி கட்டலாம்," என்றார். யாந்தே ஆசையாசையாய் எடுத்துக்கொண்ட வயிற்றுத் துண்டில் ஒரு முள் அவள் தொண்டையில் நின்றது. வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கி அதை இறக்கும்போது கண்ணில் நீர் வழிந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வயதில் இதே போல ஒரு முள். அம்மா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் மருத்துவமனைக்கு ஓடியது. கலவா மீனில் முள் குறைந்த பகுதி வால்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மிளகாயைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள், கோஸை அப்பாவிடமிருந்து நகர்த்தினாள். மற்றபடி ஐந்து ஐந்துதான்.

ஐந்தாம் நாள் காலை லாத்தீரின் பை வாசலில் இருந்தது. பெரிய பை. மேலே அவனுடைய தாயத்துகளும், பந்தயத்தன்று தலையில் ஊற்றிக்கொள்ளும் மந்திரத் தண்ணீர்ப் புட்டிகள் மூன்றும்.

"எங்கடா?"

"டக்கார். மூணு மணி வண்டி."

"அம்மா வர இன்னும் அஞ்சு நாள் இருக்கு!"

"அம்மாகிட்டப் போன்ல சொல்லிக்கறேன்."

"அப்பாகிட்ட?"

லாத்தீர் பையின் வாரை இறுக்கினான். அவன் கழுத்து யாந்தேவின் இடுப்பளவு இருக்கும். அந்தக் கழுத்து குனிந்திருந்தது.

"அவருக்கு நான் வேணாம்க்கா. மொதல்ல அப்படி இல்ல. பேசலயே தவிர, தினம் கன்னத்துச் சதைய என் பக்கம் தள்ளுவாரு. அம்மா மெல்லச் சொல்லுவாங்க, 'உங்கப்பா தள்ளினது, சத்தம் போடாமத் தின்னு'ன்னு. எட்டு மாசம் ஒரு நாள் தப்பல. தலைய அவர் பக்கம்தான வைக்கறோம்? அவரு பங்கு. அத எனக்குத் தந்தாரு. சரி, கோபம் வாயில மட்டும்தான்னு இருந்தேன். அம்மா போன அன்னிலேர்ந்து அதுவும் நின்னு போச்சு. அம்மா இல்லாத நேரம் பாத்து, தலையையே தாம்பாளத்துல வைக்க வேணாம்னு சொல்லிட்டாரு போல. புரிஞ்சுக்கிட்டேன்."

யாந்தேவுக்குப் பூனை ஞாபகம் வந்தது. நான்கு நாளும் நான்கு தலை.

அவள் நேரே கடைக்குப் போனாள். ஜேகான் வாயில் குண்டூசிகளோடு ஒரு சட்டைக் காலரோடு போராடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, லாத்தீர் கிளம்பறான்."

"கிளம்பட்டும்." குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். "அவன் மனசு எப்பவோ கிளம்பிடுச்சு. முந்தியெல்லாம் வெந்த கிழங்கு, நல்லா மாவா இருக்குமே நடுத்துண்டு, அத எனக்குன்னு விட்டு வைப்பான். உங்கம்மா காதுல சொல்லுவா, 'உம் புள்ள ஒதுக்கி வச்சது'ன்னு. நானும் எடுத்துக்குவேன். இப்ப? தன் பங்கத் தின்னுட்டு எழுந்து போறான். நான் என்ன, கால்ல விழணுமா?"

யாந்தே கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தாள். நாற்பது அடி தூரம்தான். அதற்குள் எட்டு மாத மதியங்கள் அவள் கண்முன் ஓடின. இரண்டு பேருக்கும் நடுவில் போட்ட அந்த முக்காலி. ரேடியோ சத்தமாகக் கத்தும்போது வலப்பக்கம் சாயும் தலைத்துணி, பிறகு இடப்பக்கம் சாயும் தலைத்துணி. எதிரே உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்கு இடுப்பு வலி, அதனால் ஆடி ஆடி உட்காருகிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

அம்மாவுக்குப் போன் செய்யலாமா என்று தோன்றியது. வேண்டாம். இதில் என்ன கஷ்டம்? ஒரு கன்னம், ஒரு கிழங்கு, இரண்டு பொய். மூன்று மணிக்குள் முடித்துவிடலாம்.

அன்று மீன் முழுதாக வெந்தது. கத்தியை எடுக்கவில்லை. தலையை அப்பா உட்காரும் பக்கம் திருப்பி வைத்தாள். முக்காலியை நடுவில் போட்டாள். ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். லாத்தீர் வந்து உட்கார்ந்தான், கடைசிச் சாப்பாடு என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. யேரோ வந்து அடிமைகளை விசாரித்தார், பதில் வராததால் அவரும் அடங்கி உட்கார்ந்தார். யாந்தே முக்காலியில் உட்கார்ந்தாள். அம்மா செய்வது போலவே விரலால் கன்னத்துச் சதையைப் பெயர்த்தாள். அது இரண்டாக உடைந்தது. அள்ளிக் கொண்டுபோய் லாத்தீர் முன்னால் வைத்து, தலையைச் சாய்த்து, அவன் காதருகே சொன்னாள்.

"அப்பா தள்ளினது. சத்தம் போடாமத் தின்னு."

அவள் குரலும் அம்மாவின் குரல்தான், தாழ்த்தத் தெரியாத குரல்.

"அப்பா இன்னும் வரவே இல்லையே!" என்றாள் திபோர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜேகான் முற்றத்துத் தண்ணீர்க் குடத்தருகே குனிந்து, முழங்கை வரை சோப்பு நுரையோடு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு என்னத்தத் தள்ளினது?" என்றார்.

யேரோ ரேடியோவை அணைத்தார். இப்படி ஒரு மதியத்தைச் செய்தி வாசிப்பவர் கெடுப்பதில் அவருக்கு விருப்பமில்லை.

"நீங்க தள்ளினதுன்னு சொன்னேன்," என்றாள் யாந்தே. இனி மறைக்க எதுவும் இல்லை. "அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க ஒரு நாளும் தள்ளினதில்ல, இல்ல? அவனும் கிழங்க ஒதுக்கினதில்ல. எல்லாம் அம்மா. எட்டு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து திருடித் திருடிப் போட்டுருக்காங்க."



"என் கன்னத்தையா?" என்றார் ஜேகான். "ஒரு பக்கம் கன்னமே இருக்காது. கேட்டா, வலையில உரசி உடைஞ்சுதும்பா. எட்டு மாசமா இந்த ஊர்க்காரனுங்க ஒத்தக் கன்ன மீனாவே பிடிக்கறானுங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்!"

"அப்ப என் கிழங்கு?" லாத்தீர் கத்தினான். "எனக்குக் கிழங்குன்னா உசுரு! கேட்டா, வெலை ஏறிடுச்சு, ஒண்ணுதான் வாங்கினேம்பாங்க. அத நீங்களா தின்னீங்க?"

"நீ குடுத்ததுன்னு நெனச்சில்ல தின்னேன்!"

"நான் எதுக்குக் குடுக்கறேன்?"

"அதான நானும் கேக்கறேன், நீ எதுக்குக் குடுத்தே?"

"நான்தான் குடுக்கலயே!"

"அப்ப நான் மட்டும் குடுத்தனா? என் பங்கு கன்னத்த எட்டு மாசம் முழுங்கியிருக்க, ஏப்பம்கூட விடல!"

"நீங்க தந்தீங்கன்னு சந்தோசமாத் தின்னேன்ப்பா!"

அந்தச் சொல் விழுந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். ஜேகானின் முழங்கையிலிருந்து நுரை சொட்டியது.

திபோர் வாயில் சோற்றோடு சொன்னாள். "பேசறாங்க."

"பேசல," என்றார் ஜேகான். "சண்ட போடறோம்."

"யா அல்லா," என்றார் யேரோ. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எட்டு மாசம். ஒரு பொம்பள ரெண்டு தடிப்பசங்களையும் ஒரே தாம்பாளத்துல கொள்ளையடிச்சிருக்கா, ரெண்டு பேரும் நன்றியோட தின்னுருக்கீங்க. செரேர்களுக்கு மூளை எங்கன்னு ஃபுலாக்கள் நாங்க ரொம்ப நாளாத் தேடறோம். இப்பத்தான் தெரியுது, மொத்தமும் பொம்பளைங்ககிட்டக் குடுத்து வச்சிருக்கீங்க."

"போனப் போடு," என்று நுரைக் கையோடே தாம்பாளத்தருகே வந்து மகளிடம் சொன்னார் ஜேகான். "உங்கம்மாவுக்குப் போடு. நான் கேக்கறேன்."

"நானும் கேக்கறேன்," என்றான் லாத்தீர்.

யாந்தே போனை ஒலிபெருக்கியில் போட்டு விளிம்போரம் வைத்தாள். அந்தப் பக்கம் உரல் சத்தம், கைக்குழந்தையின் அழுகை, யாரோ பெண்கள் சிரிப்பது. அதற்கெல்லாம் மேலே தெனிங்கின் குரல்.

"யாரு? யாந்தேவா? என்ன ஆச்சு? அவன் போயிட்டானா?"

"தெனிங், நீ என் கன்னத்தத் திருடினியா?" என்றார் ஜேகான்.

"அம்மா, என் கிழங்க அப்பாவுக்குக் குடுத்தீங்களா?" என்றான் லாத்தீர்.

உரல் சத்தம் நின்றது.

"இருங்க," என்றாள் தெனிங். "இப்ப கேட்டது யாரு யாரு? ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா இருக்கீங்க?"

"ஒரே தாம்பாளத்துல," என்றாள் யாந்தே.

"பையி?"

"வாசல்ல இருக்கும்மா. மூணு மணி வண்டி."

 ஜேகான் போனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை.

"அந்த நீலத்துணிய வச்சுக்கிட்டா டக்கார்ல எறங்கப் போறே?" என்றார்.

லாத்தீர் தலையசைத்தான்.

"போன ஞாயித்துக்கெழம கடற்கரைப் பந்தயத்துல பாத்தேன். இடுப்புல ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு, ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கு. தையலா அது? கோழி கிண்டின மாதிரி இருக்கு."

"நீங்க வந்திருந்தீங்களா?"

"மீன் வாங்கப் போனேன்."

"நீங்க எப்பப்பா மீன் வாங்கினீங்க?" என்றாள் திபோர்.

"சும்மா இரு. தையல்காரன் ஜேகான் புள்ளன்னு அங்க எவனாவது கேட்டா என் மானம் என்னாகறது? அதக் கொண்டா. பிரிச்சுத் தைக்கணும். வண்டி தெனம் மூணு மணிக்குப் போவுது. அது எங்க ஓடிப் போகுது?"

லாத்தீர் எழுந்தான். வாசலுக்குப் போய்ப் பையைத் திறந்தான். புட்டிகளை எடுத்து வைத்தான், தாயத்துகளை எடுத்து வைத்தான், அடியிலிருந்து நீலத் துணியை உருவினான். ஜேகான் நுரைக் கையைத் தன் அங்கியிலேயே துடைத்துக்கொண்டு, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவை எடுத்தபடி முற்றத்துக்கு வந்தார்.

"அம்மா," என்று யாந்தே போனைக் கையில் எடுத்து, ஒலிபெருக்கியை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வால்ல முள்ளு கம்மி. அதுக்குத்தான் எனக்குப் போட்டீங்களா?"

"பின்ன எதுக்கு? மறுபடி ஒன்னத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இருக்கா?"

"நீங்க எதம்மா எடுத்துக்குவீங்க? உங்க முன்னால ஒண்ணுமே பாத்ததில்ல நான்."

தெனிங் சிரித்தாள். போன் அதிர்ந்தது. "ஆமா, பட்டினி கெடக்கேன், போ! நீங்கல்லாம் எந்திரிச்சுப் போனப்புறம் பானை அடியில காந்தல் இருக்குல்ல? குழம்பு ஊறி, முறுகலா. அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சமையக்கட்டுல தனியா கால நீட்டி உக்காந்து திம்பேன். யாருக்கும் பங்கு கெடையாது. அதுக்குத்தான் மத்தியானம் வரைக்கும் உசுர வச்சிருக்கறதே. நீ என்ன பண்றே அத?"

"தண்ணி ஊத்தி ஊற வச்சுக் கழுவறேன்."

"இத்தன நாளாவா?" அந்த அலறலில் கைக்குழந்தை மீண்டும் அழ ஆரம்பித்தது. "அடிப் பாவி! படிச்சவ பண்ற வேலையா இது?"

யாந்தே சிரித்துவிட்டாள். முற்றத்தில் லாத்தீர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். ஜேகான் நாடாவின் ஒரு நுனியை அவன் வயிற்றில் அழுத்திப் பிடித்தார். மறு நுனி எட்டவில்லை. சுற்றி வர இடமில்லாதது போல, அவர் நெருங்கி நின்று, மகனின் மார்பில் கன்னம் படும்படி இரண்டு கைகளையும் அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நாடாவைத் தேடினார். தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரமே தேடினார்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள் தெனிங். "என்ன பண்றாங்க?"

"அளவெடுக்கறாரு."

"யாருக்கு?"

"லாத்தீருக்கு."

 குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. பிறகு தெனிங் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, சரி," என்றாள். "சோறு ஆறிடும். ரெண்டு பேரையும் வந்து உக்காரச் சொல்லு."